கிருத்திகை முட்டை

முட்டை விலை ஏறினால் எங்கள் தெருவில் என் மரியாதையும் ஏறும். விலை இறங்கிக் கிடக்கிற மாதங்களில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவர்கள், ஏறியதும் வண்டியை நிறுத்தி, நல்ல முட்டையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்பார்கள். திருத்தணிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் இன்னும் நல்ல ஞாபகசக்தியோடு இருக்கிறார்கள்.

இந்தத் தடவை ஏற்றம் கொஞ்சம் அதிகம்தான். போன வாரம் பஜாரில் மளிகைக்கடையில் ஒரு பெண் ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, முட்டை வாங்குகிறாயா போன் பேசுகிறாயா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே, பள்ளியில் என் இடத்துக்கு வந்திருக்கிற ரேவதி போன் செய்தாள். கிருத்திகை அன்று மட்டும் பிள்ளைகள் தட்டை நீட்டி, "இன்னிக்கு உரிச்சிதான் குடுக்கணும்" என்கிறார்களாம். எந்த அரசாணையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த அரசாணையிலும் இல்லை. அது ஒரு டீக்கடையாலும் ஒரு கிரீம் பிஸ்கட்டாலும் வந்த வழக்கம். அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். எழுதுகிறேன். கூடவே தெருவில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தொண்டைத்தண்ணி மிச்சம்.

முட்டையை எண்ணி விற்கிறார்கள், ஆனால் வயிற்றுக்குப் போவது எடை. விலை ஏறுகிற காலத்தில் பக்கத்துக் கடையில் கொஞ்சம் குறைச்சலாகக் கிடைக்கிறதென்றால் கையில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சின்னதாக இருக்கும். மலிவாக வாங்கிய சந்தோஷத்தில் ஒன்று உடைக்கிற இடத்தில் இரண்டு உடைப்பீர்கள். கிறிஸ்துமஸ் கேக் காலத்தில் விலை ஏறும், புரட்டாசியில் இறங்கும். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊரில் முட்டையைச் சீண்ட ஆள் இருக்காது. மக்காச்சோளம் விலை ஏறினால் முட்டை உடனே ஏறிவிடும்; சோளம் இறங்கினால் மட்டும் அந்தச் செய்தி முட்டைக்கு வந்து சேர நாளாகும்.

சிவப்பு ஓட்டுக்காகக் கூடக் காசு கொடுக்கிறவர்கள் ஓட்டுக்குத்தான் கொடுக்கிறார்கள். வெள்ளை ஓடும் சிவப்பு ஓடும் கோழி ஜாதியைப் பொறுத்தது, சத்து ஒன்றுதான். நாட்டுக்கோழி முட்டை என்று கூடையில் வருவதில் சிலது டீத்தண்ணியில் குளித்துவிட்டு வந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் துணி சொல்லிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக்கொண்டால் புதுசு. ஒரு முனை கீழே ஊன்றி நின்றால் வயசாகிவிட்டது, சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள். மிதந்தால் தூக்கிப் போடுங்கள், உடைத்துப் பார்க்கிற ஆசை வேண்டாம். வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் கழுவி அடுக்குகிற சுத்தக்காரர்கள் உண்டு. ஓட்டுமேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, அதுதான் காவல். கழுவுவதானால் அடுப்பில் வைக்கும்போது கழுவுங்கள். வேகவைத்த முட்டை பச்சை முட்டையைவிட நாள் தாங்கும் என்று நினைக்கிறார்கள். தாங்காது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக வளையம் வந்தால் விஷமில்லை, அடுப்பை அணைக்க மறந்து சீரியல் பார்த்திருக்கிறீர்கள்.

பிளாஸ்டிக் முட்டை என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும் கேட்பார்கள். ஓட்டுக்கு உள்ளே ஒரு தோல் இருக்கும், காய்ந்தால் காகிதம்போல உரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். பிளாஸ்டிக்கில் ஒரு முட்டை செய்கிற செலவுக்குக் கோழியே வாங்கி வளர்க்கலாம்.

இதெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. வேலையில் சேர்ந்தபோது பயிற்சி என்று கூப்பிட்டார்கள். பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, கையைக் கழுவு என்றார்கள், சாப்பாடு போட்டார்கள், வந்துவிட்டோம். அப்போது முட்டை எப்போதாவது ஒன்று. பிறகு வாரம் ஒன்று ஆனது, கடைசியில் பள்ளி நாள்தோறும் ஆனது. ஆரம்பத்தில் ஒருநாள் மிதந்த முட்டை ஒன்றை, வீணாகப் போகிறதே என்று வகுப்பறைக்குப் பக்கத்தில் உடைத்துவிட்டேன். அன்று மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் மரத்தடியில் நடந்தன. என் பயிற்சி அதுதான்.

மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஒன்றியத்து ஆபீசரம்மா. சத்துணவுக் கூடங்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. சொல்லாமல் கொள்ளாமல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். தோள்பையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பீங்கான் சாசர் இருக்கும். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய், அடுக்கில் மேல் தட்டைத் தொடாமல், அடித்தட்டின் நடுவிலிருந்து ஒரு முட்டையை எடுப்பார். மேல் தட்டு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், ஆபீசருக்காகவே அடுக்கியது என்பார். எடுத்ததைச் சாசரில் உடைத்துக் குனிந்து பார்ப்பார். மஞ்சள் கரு குண்டாக நிமிர்ந்து நிற்க வேண்டும், வெள்ளைக் கரு அதைவிட்டு ஓடாமல் கூடவே இருக்க வேண்டும். மஞ்சள் தட்டையாகி வெள்ளை தண்ணீராக ஓடினால் பழசு. பார்த்து முடித்துச் சாசரைத் தானே கழுவித் துடைத்து மறுபடி தாளில் சுற்றுவார்.

திட்டி நான் பார்த்ததே இல்லை. "சரி" என்பார், அவ்வளவுதான். ஆனால் அதில் மூன்று விதம் உண்டு. வெடுக்கென்று சொன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இழுத்துச் சொன்னால் அடுத்த தடவை வருவதற்குள் திருத்திக்கொள்ள வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் வீட்டில் யாரிடமாவது சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை விலை ஏறிய சமயத்தில் முட்டைகள் எலுமிச்சம்பழ அளவில் வந்து இறங்கின. கோழி சின்ன வயசு, அதனால் முட்டையும் சின்னது என்றார் டிரைவர். ஆபீசரம்மா ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்தார். "சின்ன வயசுக் கோழிக்கு எங்க பள்ளிக்கூடத்துல இடம் இருக்குது, ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துடுங்க. முட்டையத் திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். குரல் ஏறவே இல்லை. லாரி திரும்பிப் போனது.

இனி ரேவதி கேட்ட விஷயம்.

எங்கள் கூடத்தில் நான் தவிர இரண்டு பேர். சமையலர் எஸ்தர், உதவியாளர் கன்னியம்மா. எஸ்தர் வீட்டில் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்தே கிறிஸ்தவர்கள். அவள் புருஷன் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டியவர், மூச்சு வாங்குகிறது என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மகள் சென்னையில் கம்பெனி வேலைக்குப் போக, பேத்தி ஜாய்சி எஸ்தரிடம் வளர்ந்தாள். எங்கள் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு. மூன்று வயிறும் எஸ்தர் வாங்குகிற சம்பளத்தை நம்பித்தான் இருந்தன.

நானும் கன்னியம்மாவும் மாசாமாசம் கிருத்திகை இருக்கிறவர்கள். காலையில் தலைக்குக் குளித்து, ஒருபொழுது இருந்து, சாயங்காலம் மலை ஏறுவோம். அன்று முட்டையைத் தொட மாட்டோம். ஆனால் அரசாங்கத்துக்குக் கிருத்திகை கிடையாது, முட்டை வெந்தாக வேண்டும். எஸ்தர் இருந்தாள். நான் ஸ்டோரைத் திறந்துவிட்டு வாசலில் நின்று கண்ணால் எண்ணுவேன், அவள் தட்டுகளை வெளியே எடுத்து வைப்பாள். ஸ்டோரைப் பூட்டியதோடு என் வேலை முடிந்தது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, வேகவைப்பது, தட்டுத் தட்டாகக் கொடுப்பது எல்லாம் எஸ்தர். நாங்கள் இருவரும் சாதப் பாத்திரத்தோடு அந்தக் கோடியில் நின்றுகொள்வோம். இது வருஷக்கணக்காக நடந்தது. எஸ்தரிடம் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் முடியாது என்று சொன்னதில்லை.

பிள்ளைகளிலும் சிலர் கிருத்திகை இருப்பார்கள். சாதம் சாப்பிடுவார்கள், முட்டையை மட்டும் வாயில் வைக்க மாட்டார்கள். எப்போதுமே முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. கிருத்திகைக்கு மட்டும் சாப்பிடாதவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவர்களும் முட்டையை ஓட்டோடு வாங்கி, வீட்டில் தாத்தாவுக்கு என்று டப்பாவில் போட்டுக்கொள்வார்கள். பள்ளியிலேயே சாப்பிட வேண்டும் என்பதுதான் விதி. ஆனாலும் சாமி விஷயமாச்சே என்று யாரும் வாய் திறப்பதில்லை.

அந்த வருஷம் முட்டை விலை ஏறத் தொடங்கியது. அதே சமயம் எங்கள் பள்ளியில் பக்தியும் ஏறத் தொடங்கியது. ஒரு கிருத்திகைக்கு வரிசைக்கு நாலைந்து பேர் விரதம் இருந்தார்கள். அடுத்த கிருத்திகைக்குப் பாதி வரிசை. அதற்கடுத்ததற்கு நாலாம் வகுப்பு மொத்தமும் விரதம். எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. இந்த வயதில் நாங்கள் இப்படி இருந்தோமா என்று தலைமையாசிரியரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். மலையிலிருந்து விபூதிப் பொட்டலம் வாங்கிவந்து ஆளுக்கொரு சிட்டிகை பூசிவிட்டேன். பிள்ளைகள் நெற்றியைப் பவ்யமாகக் காட்டினார்கள்.

இப்படிப் பக்தி முற்றியிருந்த ஒரு கிருத்திகைக்கு மறுநாள் காலையில் கோபால் வந்தார். ஊரில் நிலம், மாந்தோப்பு, போர் மோட்டார் எல்லாம் உள்ளவர். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருந்தார். எஸ்தர் சமைக்கிறாள் என்று அவருக்கு முதலிலிருந்தே ஒரு முணுமுணுப்பு. அதை நேராகச் சொல்லாமல் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு முன்னாலேயே ஆபீசரம்மா வந்து நின்றிருந்தார். கோபால்தான் முந்தின நாள் சாயங்காலமே போன் செய்து வரவழைத்திருக்கிறார்.

கைக்குட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார் கோபால். ஓட்டில் அரசு முத்திரை. சத்துணவு முட்டையை வெளியே விற்கக் கூடாது என்பதற்காகவே அப்படி முத்திரை குத்தி வரும். மெயின் ரோட்டில் பாபு டீக்கடைக்குப் போனாராம். பாய்லருக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் முட்டைகள் இருந்தனவாம். மிளகுப்பொடி தூவி லாரிக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தானாம். இவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார், முத்திரை இருந்திருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, ஸ்கூலிலிருந்துதான் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாபு வாயை மூடிக்கொண்டானாம்.

ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் முட்டை வெளியே போகிறதென்றால் முதலில் யாரைப் பார்ப்பார்கள்?

ஆபீசரம்மா எதுவும் கேட்கவில்லை. ஸ்டோருக்குப் போய்த் தட்டுத் தட்டாக எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. திரும்பி வந்து மேஜைமேல் இருந்த சாமான்களை ஓரமாக ஒதுக்கினார். சாசரை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. முட்டையைப் படுக்கவைத்து, இரண்டு விரலால் பிடித்து, ஒரு சுண்டு சுண்டிவிட்டார்.

கடையில் வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளலாம். பச்சை முட்டையைச் சுற்றிவிட்டால் உள்ளே தளும்பும், குடித்தவன்போலத் தள்ளாடி நின்றுவிடும். வெந்த முட்டை பம்பரமாகச் சுற்றும். இது சுற்றியது. என் மேஜைமேல், ரப்பர் ஸ்டாம்புக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவில், நின்ற இடத்திலேயே சுற்றியது. ஆபீசரம்மா ஆட்காட்டி விரலை வைத்து நிறுத்தினார்.

"வெந்தது" என்றார்.

பாபு கடையில் முட்டை வேகவைக்கிறானா என்று கோபாலிடம் கேட்டார். டீ பாய்லர் ஒன்றுதான், அடுப்பே கிடையாது என்றார் கோபால். அப்படியானால் முட்டை எங்கள் அடுப்பில்தான் வெந்திருக்கிறது. ஸ்டோரிலிருந்து பச்சையாகப் போகவில்லை.

சாவி இனி வெறும் சாவிதான். நிம்மதியாக நிமிர்ந்தபோது எதிரே எஸ்தர் முகம் இருந்தது. என்மேலிருந்து இறங்கியது நேராக அவள்மேல் போய் உட்கார்ந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நேத்து வெந்த முட்டைய யார் யாரு தொட்டீங்க?" என்றார் ஆபீசரம்மா.

கன்னியம்மா தலையைச் சொறிந்தாள். "நேத்து கிருத்திகைங்க மேடம். நானும் அக்காவும் தொட மாட்டோங்க. எஸ்தரு மட்டுந்தான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆபீசரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

எஸ்தர் அழவில்லை. எண்ணி வேகவைத்தேன், எண்ணிக் கொடுத்தேன், எனக்கு வரவில்லை என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை என்றாள். விரதம் இருக்கிற பிள்ளை எப்படிக் கேட்கும் என்றார் கோபால். அதோடு விட்டிருக்கலாம். "அவங்களுக்கு இன்னா, கிருத்திகையா ஒண்ணா" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை மேடம் என்று கத்தினேன். ஆபீசரம்மா என் பக்கம் திரும்பி, எஸ்தர் கொடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. கிருத்திகை அன்று முட்டைப் பாத்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் வழக்கம்.

விசாரணை முடிகிற வரைக்கும் சமையலரை நிறுத்திவைப்பது ஆபீசரம்மா கையில் இருந்தது. அப்படி நிறுத்தப்பட்டவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எஸ்தருக்கும் அது தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"ஒல வெச்சிட்டேன் மேடம். அரிசி போடட்டுமா, வூட்டுக்குப் போவட்டுமா?"

"போடுங்க. புள்ளைங்க சாப்டணும்."

எஸ்தர் அரிசி களைந்து போட்டாள், பருப்பு கடைந்தாள். அன்றைக்கு முட்டையை நானே வேகவைத்தேன், கிருத்திகை முடிந்துவிட்டதே. கோபால் நாற்காலி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆபீசரம்மா நடுவில் போய் நின்று, எப்போதும் பேசுகிற அதே சின்னக் குரலில், நேற்று முட்டை கிடைக்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஒரு கை இல்லை. நேற்று கிருத்திகை இருந்தவர்கள் யார் என்றார். கைகள் எழுந்தன. வரிசை வரிசையாக எழுந்தன. இறக்கியிருந்த கைகளைத்தான் எண்ண முடிந்தது. இரண்டாவது வரிசையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, கையை நன்றாக உயர்த்திப் பிடித்திருந்தாள் ஜாய்சி. ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிற பிள்ளை.

கோபால் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். பார்த்தீர்களா, பாட்டி கொடுத்தனுப்புகிறாள், பேத்தி கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்றார். எஸ்தர் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆபீசரம்மா ஜாய்சியிடம் போய்க் குனிந்தார். நீயுமா கிருத்திகை என்று கேட்டார்.

"ஆங், மேடம்."

"எதுக்கும்மா?"

"முட்டைய சாப்டாம வெச்சிகினு போனா பாபு மாமா வாங்கிப்பாரு. மொதல்ல ஒரு முட்டைக்கு ஒரு கடலமுட்டாய்தான் குடுத்தாரு. இப்போ முட்ட வெல ஏறிடுச்சில்ல, கிரீம் பிஸ்கட் குடுக்கறாரு."

எல்லாருமா என்று கேட்டார் ஆபீசரம்மா. ஜாய்சி ஒளிக்கவில்லை. "எல்லாருந்தான். பிரவீன்தான் மொதல்ல கண்டுபுடிச்சான்" என்று விரலை நீட்டினாள். பிரவீன் கோபாலின் பேரன். அதுவரைக்கும் உயர்த்திப் பிடித்திருந்த கையை அவன் மெதுவாக இறக்கி, சாதத்தில் வைத்துக்கொண்டான். நாலாம் வகுப்புக்கு நான் பூசிவிட்ட விபூதி என் கண்முன் வந்து போயிற்று. முட்டை விலை எங்கே போய் நிற்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கே தெரிந்திருக்கவில்லை.

கோபால், மோட்டார் ஓடிக்கினு இருக்குது, தண்ணி வீணாகும் என்றார். போய்விட்டார். எஸ்தரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

ஆபீசரம்மா பாபு கடைக்கு நடந்தே போனார். என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தக் கடையில் பிள்ளைகள் பிஸ்கட் வாங்கப் போனால் பாபு காசை முதலில் கேட்டான். ஆபீசரம்மா திரும்பி வந்து, "சரி" என்று எஸ்தரைப் பார்த்து வெடுக்கென்று சொன்னார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பிறகு என்னிடம், இனிமேல் கிருத்திகை அன்று முட்டையை உரித்துக் கொடுங்கள், உரித்த முட்டையை எவனும் வாங்க மாட்டான் என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

பிரச்சினை தீர்ந்தது என்று கன்னியம்மா பெருமூச்சு விட்டாள். எஸ்தர் பாத்திரம் தேய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜாய்சிக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். பிள்ளையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"கிருத்திகைக்கு உரிக்கணும்னாங்களே அக்கா, யாரு உரிக்கறது?"

அவ்வளவு முட்டையையும் ஒரே ஆள் உரித்து மணி அடிப்பதற்குள் முடிக்க முடியாது. அதையும் அவள்தான் செய்வாள் என்று நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன் என்பதும் நிஜம்.

"நான் கேட்டதே இல்ல. உங்க சாமி, உங்க வெரதம், நான் தொட்டா இன்னான்னு செஞ்சிகினு இருந்தேன். மூணு பேரும் தொட்டிருந்தா திருட்டுப் பேரு மூணு பேருக்கும் வந்திருக்கும். நான் மட்டும் தொட்டேன், எனக்கு மட்டும் வந்துச்சி. இனிமே தனியாத் தொட மாட்டேங்கா. மேடம்கிட்ட சொல்லிக்கோங்க."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒன்றை மாட்டேன் என்று சொன்னது அன்றைக்குத்தான். மேடம்கிட்ட சொல்ல வேண்டாம் எஸ்தரு என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனாள்.

வீட்டில் யோசித்துப் பார்த்தேன். என் மாமியார் காலத்திலிருந்து இருக்கிற விரதம். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, வேண்டுமானால் கிருத்திகைக்கு லீவு போட்டுவிடு என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். லீவு போட்டால் எஸ்தர் மறுபடி தனியாக உட்கார வேண்டும்.

அடுத்த கிருத்திகைக்குத் தலைக்குக் குளித்து, பட்டினியாகத்தான் பள்ளிக்குப் போனேன். எஸ்தர் முட்டையை வேகவைத்துப் பச்சைத் தண்ணீரில் கொட்டினாள். நான் பாய் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், மலை இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தட்டினேன். முட்டை புதுசாக வந்து இறங்கியிருந்தது. புது முட்டை லேசில் உரியாது, ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்துகொண்டு வரும். என்னுடையது அம்மை போட்ட முகம்போல வந்தது. குண்டு முனையில் தட்டி, தண்ணீருக்குள் வைத்து உரிக்கச் சொல்லி எஸ்தர் காட்டிக் கொடுத்தாள். கன்னியம்மா கொஞ்ச நேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, முட்டையைத் தொட மாட்டேன், ஓட்டைப் பொறுக்குகிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். ஓடு முட்டையில் சேர்த்தியா இல்லையா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாதி முடிவதற்குள் அவளும் உரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று விரதம் இருந்த பிள்ளைகள் பழையபடி வரிசைக்கு நாலைந்து பேர்தான். நாலாம் வகுப்பு முட்டையை இரண்டு வாயில் முடித்தது. ஜாய்சி கிருத்திகையை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் மலை ஏறினேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தும், எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்தும் விரலில் வாசனை போகவில்லை. தரிசன வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். "இன்னா இது, கிருத்திகையும் அதுவுமா முட்ட வாசன அடிக்குது" என்று அந்தப் பக்கம் நின்ற ஒரு பையனை முறைத்தார்.

"அந்தப் புள்ள இல்லம்மா, நாந்தான்" என்றேன். "நாங்க மூணு பேரு உக்காந்து உரிச்சோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நெரிசலில் முடிந்தமட்டும் தள்ளி நின்றுகொண்டார். முன்னால் கொஞ்சம் இடம் கிடைத்தது. நான் நகர்ந்து நின்றேன்.